இரண்டாம் கியர்

தான் ஓட்டுகிற வண்டியின் பிரேக்கை நம்பாத ஓட்டுநரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குவார். முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு, பிரேக் டிரம்மின் மேல் வலது புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஒரு நொடிதான். பிறகு எழுந்து ஒன்று வண்டியில் ஏறுவார், அல்லது சாலை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். நின்றுவிட்டால் யார் கத்தினாலும் டிரம் ஆறும்வரை வண்டி நகராது.

அந்தப் புறங்கையில் ஒரு முடிகூடக் கிடையாது. பழைய தீக்காயங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, தோல் வழவழவென்று வெளுத்திருக்கும். உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ளங்கை ஸ்டேரிங்கு புடிக்கணும் டீச்சர். அது வெந்துபோச்சுன்னா யார் ஓட்டறது?" என்றார்.

நான் அப்போது கல்வராயன் மலைமேல் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சொந்த ஊர் சின்னசேலம். கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் அந்தத் தனியார் சிற்றுந்தில் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போவேன். சாயங்காலம் அதே வண்டியில் இறங்குவேன். மூன்று வருடம் அவர் வண்டியில் போய் வந்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. மலையில் எல்லாரும் அவரை "ரெண்டாம் கியரு" என்றுதான் சொல்வார்கள். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மிதிக்காமல் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும் என்பது அவர் கணக்கு. மற்ற வண்டிகள் வழுக்கிக்கொண்டு இறங்கிப்போக, எங்கள் வண்டி மட்டும் பல்வலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டே ஊர்ந்து வரும். மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்து வருகிறவர்கள்கூட எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

முதல் நாளே அவர் என்னை அதிர வைத்தார். இடம் இல்லாததால் முன்பக்கம், அவர் இருக்கைக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் புத்தகங்களை அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"கம்பியப் புடிங்க."

"பரவால்லங்க, நான் நின்னுக்குவேன்."

"நான் பிரேக் போட்டா பஸ்ஸுதான் நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்க. நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருப்பீங்க, அந்தக் கண்ணாடி வரைக்கும். கண்ணாடி ஒடஞ்சா அதுக்கு அப்பாலயும்."

வண்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு முதல் பாடவேளையில் நான் நடத்தவேண்டியது நிலைமம். 'புறவிசை ஒன்று செயல்படாத வரையில்' என்று தொடங்கும் விதியை முந்தின நாள் ராத்திரி வரை உதாரணம் தேடித் தேடித் தயாரித்திருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒருவர் அதை என் முகத்துக்கு நேரே சொல்லி முடித்துவிட்டார். புத்தகங்களைப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கன்னம் எரிந்தது.

அவரிடம் இனிமை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் பின்பக்கம் கூரைக்குப் போகும் இரும்பு ஏணி ஒன்று இருந்தது. மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு, புளி, கடுக்காய் என்று மூட்டைகளைக் கூரையில் ஏற்றி விடுவார்கள். ஒரு நாள் பார்த்தால் ஏணியைக் காணோம். அவரே ஸ்பானரால் கழற்றி முட்புதருக்குள் எறிந்துவிட்டிருந்தார். முதலாளி புது ஏணி வைத்தார். அதுவும் ஒரு வாரத்தில் போயிற்று. மூட்டைக்காரர்கள் அவரை அடிக்கவே வந்தார்கள். "தலமேல கனம் ஏத்திக்கினு வளைவுல திரும்பிப் பாரு. வண்டியும் அப்படித்தான் சாயும். கால்மாட்டுல வெச்சுக்கோ, இல்ல வூட்டுலயே வெச்சுக்கோ" என்றார். அதற்குப் பிறகு கிழங்கு மூட்டைகளின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நாங்கள் பயணம் செய்தோம்.

இன்னொரு நாள், வண்டி நிற்பதற்கு முன்பே படியிலிருந்து குதித்த கல்லூரி மாணவன் ஒருவனை, இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்து அறைந்தார். அந்தப் பையன் விழக்கூட இல்லை, சும்மா நாலு எட்டு தடுமாறி ஓடினான், அவ்வளவுதான். அறை விழுந்த சத்தம் எனக்கே வலித்தது. பையன் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நான் அவரைக் கண்டித்தேன். அவர் புறங்கையை டிரம்மில் வைத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். அந்த மனிதரிடம் ஏதோ ஒன்று சரியில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் உராய்வு நடத்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த வாக்குவாதம் வந்தது. வண்டியில் கொஞ்சம் கூட்டம் அதிகம். "ஆளு ஜாஸ்தியாச்சுன்னா பிரேக்கு புடிக்காது, அடுத்த வண்டியில வாங்க" என்று நாலைந்து பேரை இறக்கிவிட்டார். அதில் என் மாணவிகள் இரண்டு பேர். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

சாயங்காலம், டிரம் ஆறுவதற்காக அவர் வண்டியை நிறுத்தியிருந்தபோது, விடைத்தாள் ஒன்றின் பின்பக்கம் சிவப்பு மையால் எழுதிக் காட்டினேன். ஓடுகிற வண்டியின் இயக்க ஆற்றல் இந்தப் பக்கம். தரையின் உராய்வு விசை அதை நிறுத்தச் செய்யும் வேலை அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் நிறை இருக்கிறது. இந்தப் பக்கத்து நிறையும் அந்தப் பக்கத்து நிறையும் அடிபட்டுப் போகின்றன. அடித்தும் காட்டினேன்.

"பாத்தீங்களா? எடையே இல்ல இதுல. பத்துப் பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் வண்டி நிக்கிற தூரம் ஒண்ணுதான். வேகம் மட்டும்தான் கணக்கு."

அவர் தாளை வாங்கி, தலைகீழாக இல்லையே என்று பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சூடு எங்க இருக்குது டீச்சர்?"

"சூடா? அது இதுல வராதுங்க. அது வேற பாடம். ரெண்டாவது வால்யூம்ல வரும்."

"ஓ" என்றார். தாளை மடித்து என்னிடம் தந்தார். "வேற பாடம்னு பஸ்ஸுக்குத் தெரியாதே."

நான் சிரித்துவிட்டேன். நல்ல நகைச்சுவை என்று மறுநாள் ஆசிரியர் அறையில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவும் வைத்தேன்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அக்கா மலைக்காரி. நாற்பது வயதிருக்கும். சாமை, வரகு என்று கொஞ்சம் நிலம் உண்டு. கணவர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலை. ஒரே மகள் என்னிடம்தான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். கெட்டிக்காரப் பெண். கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் சாதிச் சான்றிதழ் வரவில்லை. கடைசி நாளன்று காலையில்தான் வந்தது. மகள் முன்னதாகவே போய்க் கல்லூரி வாசலில் காத்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குள் சான்றிதழைக் கொடுக்கவேண்டும். அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கல்லூரியில் பேசத் துணையாக இருக்கட்டும் என்று நானும் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு உடன் வந்தேன்.

அன்றைக்கு அதற்கு முந்திய வண்டி பழுதாகி நின்றுவிட்டிருந்தது. இரண்டு வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறியது. இருபத்தைந்து பேர் உட்காரும் சிற்றுந்தில் எழுபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். அவர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் இறங்கவேண்டும் என்றார். யாரும் இறங்கவில்லை. கால் மணி நேரம் கத்தல். கடைசியில், எனக்கு இன்றும் ஆச்சரியம், அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

மூன்றாவது கொண்டைஊசி வளைவில் நிறுத்தினார். இறங்கினார். புறங்கையை வைத்தார். அவர் கையை இழுத்துக்கொண்ட வேகத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"எல்லாரும் எறங்குங்க. வண்டி இதுக்கு மேல போவாது."

"இன்னாய்யா ஆச்சு? பிரேக்கு பெயிலா?"

"இன்னும் ஆவல."

"பின்ன இன்னாத்துக்கு நிறுத்தற?"

"ஒரு மணி நேரம் ஆறட்டும். மொதல்ல பாதிப் பேர கீழ எறக்கிவுட்டுட்டு மறுபடி வந்து மத்தவங்கள ஏத்திக்கிறேன்."

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள். ஒருவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நாலு மணி, நாலு மணி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேலே சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாக ஒரு பிக்கப் வேன் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினார்கள். ஆட்கள் பின்பக்கம் தாவி ஏறத் தொடங்கினார்கள். நம்மவர் எழுந்து வந்து வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஏத்தாத. அஞ்சு பேருக்கு மேல ஏத்தாத."

வேன் ஓட்டிய இளைஞன் ஹாரனை அழுத்தினான். ஏறியவர்களில் சிலர் தயங்கினார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் என்னைக் கேட்டார்:

"டீச்சரு, நீங்க பிசிக்ஸ் டீச்சர்தானே? நீங்க சொல்லுங்க. ஆளு ஏறினா பிரேக்கு புடிக்காதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எடைக்கும் வண்டி நிக்கிற தூரத்துக்கும் சம்பந்தமே இல்ல. மெதுவா போனாப் போதும். ஏறுங்கக்கா."

தயங்கியவர்கள் ஏறினார்கள். ஏறலாமா வேண்டாமா என்று நின்றவர்களும் ஏறினார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் எங்கள் ஓட்டுநரை இழுத்து ஓரத்தில் தள்ளினார்கள். அவர் சட்டை தோளில் கிழிந்தது. தள்ளியவர்களை அவர் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்களாச்சும் ஏறாதீங்க."

நான் ஏறினேன்.

அடுத்த இரண்டு வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. காற்று முகத்தில் அடித்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்கூட. மூன்றாவதில் வாசனை வந்தது. அடுப்பில் வைத்து மறந்துபோன இரும்புச் சட்டியும் எரிகிற செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நான் கேபினின் பின்கண்ணாடியை ஒட்டி நின்றிருந்தேன். உள்ளே அந்த இளைஞனின் வலது தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்கிறான், மறுபடி மிதிக்கிறான், மறுபடியும். வண்டி மெதுவாகவில்லை.

இந்த மலையின் உயரத்திலிருந்து நாங்கள் இருபது பேரும் இறங்குகிறோம். அந்த உயரத்தின் ஆற்றல் எல்லாம் எங்கே போகும்? வேறெங்கும் போக வழியில்லை, அந்த நான்கு டிரம்களுக்குள்தான் சூடாகப் போகும். இருபது பேர் என்றால் இருபது பேரின் சூடு. சூடேறிய பிரேக் பிடிக்காது. நான் அடித்துக் காட்டிய நிறை அங்கே, டிரம்முக்குள், பத்திரமாக உட்கார்ந்திருந்தது. என் கணக்கில் தப்பு இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு தட்டையான தரையில் ஒரே ஒருமுறை நிற்கிற வண்டிக்கு அது சரியான கணக்கு. இங்கே யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இது எல்லாம் எனக்கு அந்தச் சில நொடிகளுக்குள் தெரிந்தது. எனக்கு எப்போதுமே தெரிந்த விஷயம்தான் இது. இரண்டு பாடங்களையும் ஒரே வருடத்தில் நானே நடத்துகிறேன்.

"ரெண்டாம் கியர் போடு! ரெண்டாம் கியர்!" என்று கண்ணாடியை அறைந்தேன். அவன் போடப் பார்த்தான். கியரின் பல் கடிபடும் சத்தம்தான் வந்தது. அந்த வேகத்தில் அது விழாது.

அவன் பள்ளத்தின் பக்கம் போகவிடாமல் மலைச்சுவரின் பக்கம் ஒடித்தான். அதற்காக அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வேன் ஓரத்து வாய்க்காலில் இறங்கி, பாறையில் உரசி, பக்கவாட்டில் சாய்ந்தது. வண்டி நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அப்போது அது தெரியவில்லை. எழுந்து அக்காவைத் தேடினேன். சாய்ந்த வேனின் பக்கப்பலகைக்கு அடியில் அவளுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே, மாட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. மஞ்சள் பையை என் பக்கம் நீட்டினாள்.

"டீச்சர், இது நனையாம வெச்சுக்குங்க."

செல்போனில் சிக்னல் இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. மேலே இருந்து அந்த முனகல் சத்தம் கேட்டது. இரண்டாம் கியர். பாதி ஆட்களோடு எங்கள் பேருந்து வளைவைத் திரும்பி வந்து நின்றது. அவர் குதித்து இறங்கினார். எங்களிடம் ஓடி வரவில்லை. எல்லாரும் அலறிக்கொண்டிருக்கிறோம், அவர் ஓரத்திலிருந்து இரண்டு பெரிய கற்களைத் தூக்கி வந்து முதலில் தன் பேருந்தின் சக்கரங்களுக்கு அடை கொடுத்தார். காலால் உதைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் வந்தார்.

சாலை ஓரத்தில் வெட்டிப் போட்டிருந்த தைலமரக் கட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பத்துப் பேர் சேர்ந்து வேனைக் கையால் தூக்கப் போனார்கள். "கையால வேணாம், நழுவிச்சுன்னா மறுபடி கால்மேலதான் வுழும்" என்று விலக்கினார். கட்டையின் நுனியை வேனுக்கு அடியில் செருகி, ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். "கல்ல இன்னும் கிட்ட தள்ளு. இன்னும் கிட்ட. இப்ப அந்தக் கோடியில தொங்குங்க, நாலு பேர் போதும்." வேன் ஒரு சாண் எழும்பியது. நாங்கள் அக்காவை இழுத்தோம். அந்தக் காலை நான் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

காயம் பட்டவர்களை மட்டும் பேருந்தில் ஏற்றினார். மற்றவர்களை நடந்து வரச் சொன்னார். அக்காவைத் தரையில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. முனகியது. ஊர்ந்தது.

நான் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு கத்தினேன். "சீக்கிரம் போங்க! இப்பதான் வண்டியில கூட்டமே இல்லையே! ரத்தம் நிக்கலை, செத்துருவாங்க!"

"தெரியுது டீச்சர். மொழங்காலுக்கு மேல துண்ட இறுக்கிக் கட்டுங்க. என்னப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்க."

"மூணாவது போடுங்க! மூணாவது கியர் போட்டா என்ன?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு எழுந்து நின்றது. கை கியரின் பக்கம் போகவில்லை.

பாதி மலை இறங்கியிருப்போம். வண்டி நின்றது.

நான் நம்பவில்லை. அவர் இறங்கினார். முன்சக்கரத்தின் அருகே குந்தினார். புறங்கையை உள்ளே விட்டார். எழுந்து நின்றார். ஏறவில்லை.

அக்காவின் ரத்தம் என் புடவையைத் தாண்டித் தரைக்கு வந்திருந்தது. நான் அவரை என்னென்ன சொன்னேனோ, எனக்கு முழுக்க ஞாபகம் இல்லை. "நீ மனுசனா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. எச்சில் தெறிக்கக் கேட்டேன். வயதில் என் அப்பாவை ஒத்தவரை 'நீ' என்று சொன்னேன். வண்டிக்குள் எல்லாரும் அழுதுகொண்டே அவரைத் திட்டினார்கள். அவர் வெயிலில் நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கலாம், ஐந்து நிமிடம் இருக்கலாம். மறுபடி குந்தித் தொட்டுப் பார்த்தார். ஏறினார். இரண்டாம் கியர்.

அடிவாரத்து அணைக்கட்டுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைத்தது, ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் பேருந்தின் கண்டக்டர் என்னிடமிருந்து மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு போனார். நாலு மணிக்குள் அந்தப் பெண்ணின் கையில் சான்றிதழ் சேர்ந்துவிட்டது. தன் அம்மா ஏன் வரவில்லை என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை சும்மா நின்றாராம்.

அக்கா பிழைத்தாள். கால் பிழைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டில் ஒரு நர்சம்மா, எங்களுக்கு ஆறுதலாகத்தான், "அரைமணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஒருவேளை வெச்சிருந்திருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் நின்றிருந்தார். அவர் காதில் அது விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அடுத்த நிமிடம் அவர் அங்கே இல்லை.

பத்து நாள் கழித்து முதலாளி அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டதால்தான் அவர்கள் வேனில் ஏறினார்கள் என்று புகார். கைக்குத் தொட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு நானும் போனேன். யாரும் என்னை அழைக்கவில்லை.

"ஏறச் சொன்னது நான்தாங்க. எல்லாரும் என்னைக் கேட்டாங்க. நான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்" என்றேன்.

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் தரச் சொன்னார். நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. அவரைப் பார்த்துத் திரும்பினார்.

"வண்டிய மெக்கானிக்கு பாத்துட்டான்யா. பிரேக்கு நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்கிற வண்டிய எதுக்குய்யா நிறுத்துன?"

"நல்லா இருக்கசொல்லதான் மொதலாளி நிறுத்த முடியும். கெட்டதுக்கு அப்பறம் எப்படி நிறுத்தறது?"

முதலாளி கையை நீட்டினார். ஓட்டுநர் தன் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வாதாடவில்லை. கதவருகே போய்த் திரும்பி, "என் தப்பு ஒண்ணு இருக்குது. மேலயே எடுத்திருக்கக் கூடாது. கத்துனாங்கன்னு எடுத்துட்டேன்" என்றார். அதை யாரும் கேட்கவில்லை.

கீழே இறங்கி வந்து டீக்கடை ஓரமாக நின்றோம். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மனதில் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. இவ்வளவு பயம் ஒரு மனிதனுக்குச் சும்மா வராது. அவர் வாழ்க்கையில் எங்கோ ஒரு பெரிய விபத்து நடந்திருக்கவேண்டும், யாரோ செத்திருக்கவேண்டும் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

"முன்னாடி உங்களுக்கு ஏதாவது ஆச்சுங்களா? வண்டியில?"

"எனக்கா? ஒண்ணும் ஆவல. இருபத்தாறு வருசம், ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபடல."

"பின்ன ஏன் இவ்வளவு பயம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"எதுனா ஆனாத்தான் பயப்படணுமா டீச்சர்?"

டீ என் கையில் ஆறிப்போனது.

அங்கிருந்து அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். நான் தினமும் வருகிறவள்தான். இரண்டாம் நாளே அக்காவிடம் அழுது சொல்லியிருந்தேன், நான் சொன்னதால்தானே ஏறினீர்கள் என்று. "நீங்க சொல்லலன்னாலும் ஏறியிருப்பேன் டீச்சர், எனக்கு அவசரம்" என்றாள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றும் தெரியாது.

அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி நின்றார். கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

அக்காதான் பேசினாள்.

"அண்ணே, அன்னிக்கி இன்னும் கொஞ்சம் வெரசா வந்திருக்கலாம் இல்ல?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஏதாவது சமாதானம் சொல்லவேண்டும் என்று என் மனம் கெஞ்சியது. வேன் மாதிரி நாமும் கவிழ்ந்திருப்போம், டிரம் கொதித்தது, எல்லாரும் போயிருப்போம், எது வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை.

"வந்திருக்கலாம்மா" என்றார். "ஒண்ணும் ஆவாம வந்து சேர்ந்திருந்தாலும் சேர்ந்திருப்போம். கால் நின்னிருக்கும்."

அந்த வெளுத்த புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா இன்னொருவாட்டி அப்படி ஆனாலும் நான் அப்படியேதாம்மா வருவேன். பொய் சொல்லக் கூடாது உங்கிட்ட."

கால் போன ஒருத்தியின் முகத்தைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்வார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவரை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, போர்வையின் தட்டையான பக்கத்தை மெதுவாக மடித்து ஒதுக்கினாள். மெத்தையில் கால் இருந்திருக்கவேண்டிய இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"நின்னுக்கினே இருக்கீங்களே. இங்க எடம் இருக்குது, உக்காருங்கண்ணே."